சோபாவுக்கு ஒரு கால், ஆமைக்கு ஒரு கயிறு

2.3.86, ஞாயிறு. வைலே, டென்மார்க்

பனி. சமையலறைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கும் வெப்பமானியில் பூச்சியத்துக்குக் கீழே ஏழு. என் மூக்கின் கணக்கில் எழுபது.

முழங்காலில் நின்று சத்தியம் செய்கிறேன்: இக்கொப்பியில் இனி எழுதப்போவதை இப்பூமியில் ஒருவரும் நம்பமாட்டார். (முழங்காலில் நின்றது மெய். சோபாவின் உடைந்த நாலாம் காலுக்கு முட்டுக் கொடுக்கிற வேலை.)

முட்டு: ஒரு தடித்த புத்தகம். கோயில் மண்டபத்தில் பழைய சாமான் விற்ற அன்று, ஒருவரும் தொடாமல் கிடந்தது. ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் 'பி' (P) எழுத்து மாத்திரம். மற்ற எழுத்துகள் எந்த வீட்டுச் சோபாவின் கீழோ. எங்கள் காலுக்கு அளவெடுத்து அச்சடித்தது போலச் சரியான உயரம். உள்ளே தள்ளுமுன் கட்டிலில் கிடந்து இரண்டு மணித்தியாலம் வாசித்தேன். ஆகவே இன்று முதல் 'பி'யில் தொடங்கும் சகல விஷயங்களிலும் நான் பேரறிஞன். மற்ற எழுத்துகளுக்குப் பொறுப்பல்ல.

பின்னாளில் இக்கொப்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகும் அருங்காட்சியகத்தாருக்கு, ஆட்கள் விபரம்:

நான் – சூசை. அகில டென்மார்க்கின் தாய்மாமன். வயது இரகசியம்.
றீற்றா – என் தங்கச்சி. வீடு அவளுடையது, சின்ன அறை எனக்கு.
டெல்சி – அவளுடைய மகள், ஒன்பது வயது. தமிழில் கேட்டால் டேனிஷில் பதில்.
ம. – மச்சான், றீற்றாவின் புருஷன். மரியநாயகம் வாத்தியார். யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் புவியியல். இப்போது சோபாவில், ஜன்னலோரம். பேசும் சொற்கள் மூன்று: ஓம், இல்லை, தேத்தண்ணி.

இன்னொன்று. தபசு காலம். மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள். நான் கதை அளப்பதை விடவேண்டும் என்று விபூதிப் புதன் அன்று றீற்றா என்னிடம் சத்தியம் வாங்கினாள். பதினெட்டு நாள் ஓடிவிட்டது. உடம்பு இளைத்துவிட்டது.

3.3.86, திங்கள்

காற்று. சப்பாத்துக்குள் ஈரம்.

மொழிப்பள்ளி ஆசிரியை கிர்ஸ்டன் சைக்கிளில் வந்தா. கேக் கொண்டுவந்தா. செய்தியும். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி படிப்பிக்க ஓர் ஆள் தேவை, கிழமைக்கு இரண்டு பின்னேரம். வாத்தியாராக இருந்தவர் ம. ஒருவர்தானே. வருகிற கிழமை, வியாழன் 13ஆம் திகதி, காலை பத்து மணிக்கு வந்து கதைத்தால் போதும்.

ம. கேக்கைப் பார்த்தார். "நை, தக்" என்றார். வேண்டாம், நன்றி. கிர்ஸ்டன் கேக்கைத்தான் வேண்டாம் என்கிறார் என்று நினைத்து இன்னும் ஒரு துண்டு வைத்தா. பாவம் அந்த மனுஷி.

பிறகு சமையலறையில் றீற்றா, வெங்காயம் உரித்தபடி:

"சூயிங்கம் தொழிற்சாலையிலை பெட்டி அடுக்கப் போறாராம். கடுதாசியிலை எழுதிக் காட்டினவர். அங்கை வாய் திறக்கத் தேவையில்லையாம்."

"செய்யிற சாமான் முழுக்க வாய்க்கு வேலை குடுக்கிற சாமானெல்லோ!"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. நான் கட்டினது ஒரு வாத்தியாரை. தெருவாலை போற ஆட்டுக்குட்டியையும் மறிச்சு வைச்சுப் படிப்பிக்கிற மனிசன். இப்ப நித்திரையிலை மூக்கிலை கை வைச்சுப் பாக்கிறன், மூச்சு வருதோ எண்டு. அந்த வியாழனையும் விட்டாரெண்டால், இனி அந்த மனிசன் எனக்குத் திரும்பிக் கிடைக்காது."

அது எனக்கும் தெரியும். சீலையில் கையால் வரைந்து நிறம் தீட்டிய பதினொரு தேசப் படங்கள் வைத்திருந்தார் பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடம் இராணுவ முகாமானது. படங்களை எடுத்துவரப் போனார். வெறுங்கையோடு வந்தார். அன்றிலிருந்து இப்படி.

வெங்காயம் இரண்டு கிலோ வாங்கவேண்டும். டெல்சிக்குப் பென்சில்.

4.3.86, செவ்வாய்

சத்தியம் முறிந்தது. இரவு ஏழு மணிக்கு, பாணும் பருப்பும் மேசையில் இருக்க, முழு நினைவோடு முறித்தேன்.

யோசனை இதுதான். மச்சானை மச்சான் சீண்டாவிட்டால் அந்த உறவு எதற்கு? அழுது பார்த்தாள் றீற்றா, கேக் கொடுத்துப் பார்த்தா கிர்ஸ்டன். ஒருவரும் பிழையான புவியியல் சொல்லிப் பார்க்கவில்லை. பிழையான புவியியலைக் கேட்டுச் சும்மா இருந்த புவியியல் வாத்தியார் உலகில் உண்டா?

தொண்டையைச் செருமினேன். "நான் கப்பலிலை திரிஞ்ச காலத்திலை..."

(கப்பலில் திரிந்த காலம்: இரண்டு மணித்தியாலம். கிழக்கு ஜேர்மனியிலிருந்து இங்கே வந்த படகு. அதிலும் முழுநேரமும் கழிவறையில்.)

"...அமெரிக்காவிலை பிற்ஸ்பேர்க் துறைமுகத்திலை இறங்கினன். அப்பிடியொரு கடற்கரை உலகத்திலை கிடையாது. மணல் முழுக்கக் காந்தம் ஏறின இரும்புத் தூள். சப்பாத்திலை ஒரு ஆணி இருந்தால் காணும், எட்டுப்பேர் சேர்ந்துதான் ஆளைக் கிளப்ப வேணும்."

றீற்றா என்னைப் பார்த்த பார்வையில் பருப்பு ஆறியது.

ம.: கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. மூன்று விநாடி. பிறகு போனது.

மூன்று விநாடி! ஒன்றரை வருடத்தில் இதுவே பெரிய அசைவு.

5.3.86, புதன்

இன்று சீனா. ஏனென்றால் புத்தகத்தில் பிற்ஸ்பேர்க்குக்குச் சில பக்கம் முன்னால் பிங்யாவ். வடசீனத்தில் ஒரு கவுண்டி, எங்கள் ஊரில் உதவி அரசாங்க அதிபர் பிரிவு மாதிரி.

பொய்: பிற்ஸ்பேர்க்கிலிருந்து பிங்யாவுக்கு நடந்தே போகலாம். (எட்டுப் பக்கம்தானே.)
விளைவு: ம. இருமினார். நிஜ இருமலா, கருத்தா, தெரியவில்லை.

அடுத்துச் சொன்னது பொய்யே அல்ல, புத்தகத்தில் உள்ளது. பிங்யாவ் பட்டணத்தின் மதில் ஆமை வடிவமாம். தெற்கு வாசல் தலை. வடக்கு வாசல் வால். பக்கத்துக்கு இரண்டாக நாலு வாசல், நாலு கால். தெற்கு வாசலுக்கு வெளியே இரண்டு கிணறு, அவை கண்கள்.

டெல்சி: "டூ லூவர், மாமா!" பொய் சொல்கிறீர் என்று அர்த்தம். உண்மை சொல்லும்போது மாத்திரம் என்னைப் பொய்யன் என்கிறது உலகம்.

பிறகு அவளே தமிழில், "ஆமை எண்டால் நடந்து போயிடாதோ?"

நல்ல கேள்வி. புத்தகத்தில் பதில் இல்லை. எனக்கு யோசிக்க அரை விநாடி கூடத் தேவைப்படவில்லை.

"அதுக்குத்தானே பிள்ளை, ஒரு காலைக் கயித்தாலை கட்டி, ஊருக்கு வெளியிலை நிக்கிற ஒரு கோபுரத்திலை முடிஞ்சு வைச்சிருக்கு. அந்தக் கயிறு இல்லாட்டி பிங்யாவ் எப்பவோ கடலுக்கை போயிருக்கும்."

இது என் சொந்தச் சரக்கு. புத்தகமில்லை, ஆளில்லை, முன்னோடி இல்லை. நூறு வீதம் இந்தத் தலையில் விளைந்தது. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களின் மகுடம் இது என்று இங்கே பதிகிறேன்.

ம.வின் கண் ஒருதரம் என் பக்கம் வந்தது. திரும்பவும் ஜன்னலுக்கே போய்விட்டது.

6.3.86, வியாழன்

தூறல். இன்னும் ஒரு கிழமை.

பிற்ஸ்பேர்க்கில் புகை மூடி, நடுப்பகலில் தெருவிளக்கு எரிந்த காலமொன்று இருந்தது என்றேன். புத்தகத்தில் உள்ளதே. டெல்சி சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தாள். அந்தப் புகையில் நான் என் கையைத் தொலைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவரின் கையை மாட்டிக்கொண்டு வந்தேன் என்றேன். அதை யோசித்துத் தலையாட்டினாள்.

ம.: தேத்தண்ணி.

8.3.86, சனி

பாவசங்கீர்த்தனம். பங்குச் சுவாமி டேனிஷ்காரர், நல்ல மனிதர், காது கொஞ்சம் மந்தம். ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சுவாமி, தபசு காலச் சத்தியத்தை முறித்தேன். பொய் சொன்னேன்."

"எதைப் பற்றி?"

"பிற்ஸ்பேர்க்கைப் பற்றி."

இப்படியொரு பாவம் அவருடைய நாற்பது வருடக் குருத்துவத்தில் முதல் தடவையாக இருக்கும். காரணத்தையும் சொன்னேன். மச்சான், படங்கள், வியாழக்கிழமை, எல்லாம்.

"அவர் பேசினாரா?"

"இல்லை, சுவாமி."

மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். இனிப் பொய் வேண்டாம் என்றார். நான் எழும்பும்போது குரலைத் தாழ்த்தி, "அது கடலோரத்தில் இல்லையா?" என்றார்.

ஆக, பொய்க்கு இன்றோடு முற்றுப்புள்ளி. ஐந்து நாள் உழைப்பு, பலன் மூன்று விநாடியும் ஓர் இருமலும். தோற்றேன் என்று எழுத என் பேனைக்கு மனமில்லை. எழுதியாயிற்று.

9.3.86, ஞாயிறு

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பூசை முடிந்து வந்து றீற்றா சோறு போட்டாள். வீடு முழுக்க ஆவி, கண்ணாடியெல்லாம் வெள்ளை. டெல்சி கொப்பியோடு வந்தாள். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வேறு நாட்டுப் பட்டணம் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டுமாம். அவள் பிற்ஸ்பேர்க்கைத் தெரிவு செய்திருக்கிறாள், ஏனென்றால் "மாமா அங்கை போனவர்."

என் பொய் பள்ளிக்கூடம் வரை போகப்போகிறது. சுவாமிக்குக் கொடுத்த வாக்கு வேறு. ஆகவே உண்மையை மட்டும், சுத்தமான உண்மையை, நினைவிலிருந்து எடுத்துச் சொன்னேன். கடற்கரை இல்லை, பிள்ளை, அதை அழி. இரண்டு ஆறு. ஒன்று அலெகேனி, மற்றது மொனொங்கஹேலா. இரண்டும் சேருகிற முனையில் பட்டணம். எழுது: மொனொங்கஹேலா ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது.

டெல்சி பென்சிலை நாக்கில் தொட்டு எழுதத் தொடங்கினாள்.

"எழுதாதை!"

யார் குரல் என்று முதலில் விளங்கவில்லை. ஜன்னல் பக்கமிருந்து வந்தது. வகுப்பறையின் கடைசி வாங்குவரை போகிற குரல்.

"எழுதாதை, பிள்ளை! அழி! அது தெற்கிலையிருந்து வடக்காலை ஓடுற ஆறு!"

ம. எழும்பி நின்றார். முகம் சிவந்து, கை நீட்டி, என்னைப் பார்த்து.

"சூசை, நீரென்ன விசரரோ? கடற்கரை எண்டீர், விட்டன். சீனாவுக்கு நடந்து போனீர், விட்டன். பிள்ளை கொப்பியிலை எழுதுற நேரம் பிழை சொல்லுறீரே! வெக்கமில்லையோ?"

"புத்தகத்திலை அப்பிடித்தான் இருக்குது, மச்சான்!"

"எங்கை புத்தகம்?"

"நீர் இவ்வளவு நாளும் இருந்தது அதுக்கு மேலைதான்."

குனிந்தார். இழுத்தார். சோபா டமாலென்று ஒரு பக்கம் சரிந்தது, தலையணை உருண்டது. பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து வாசித்து, என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். தெற்கிலிருந்து வடக்கே. நான்தான் மாறி நினைவு வைத்திருக்கிறேன்.

பிறகு நடந்ததை ஒருவரும் நம்பவேண்டாம். ஜன்னலில் ஆவி படிந்திருந்த இடத்தில் விரலால் முதலில் ஓர் அம்புக்குறி போட்டார், "இது வடக்கு." பிறகு மேலிருந்து ஒரு கோடு, கீழிருந்து ஒரு கோடு, இரண்டும் சேர்ந்து இடதுபக்கம் போகிற தடித்த கோடு. "ஒகையோ." சேருகிற முனையில் ஒரு புள்ளி. அந்த முனைக்காகப் பிரெஞ்சுக்காரனும் இங்கிலிஷ்காரனும் அடிபட்ட கதை. கோட்டை. பக்கத்து மலையில் நிலக்கரி, ஏரிகளின் வழியாக வந்த இரும்புத் தாது. மலைச்சரிவில் கயிறு இழுத்து ஏறுகிற ரயில் பெட்டி. நடுப்பகலில் எரிந்த தெருவிளக்கு.

"அப்ப அது உண்மையோ?" டெல்சி.

"உண்மை. உன்ரை மாமா ஒருநாளும் உண்மை சொல்லாமல் இருக்கிறதில்லை, எங்கை சொல்லுறார் எண்டுதான் கண்டுபிடிக்க வேணும்." கையைத் துடைத்தார். "இப்ப அந்த உலைகள் ஒண்டொண்டா அணையுது. வேலை செய்த ஆக்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறை வேறை ஊருக்குப் போகினம்."

கோடுகளிலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கியிருந்தது. கோடுகளுக்கு ஊடாக வெளியே குடாக்கடலின் பனிக்கட்டி தெரிந்தது.

"விளங்குதோ?"

"ஓம், சேர்" என்றாள் டெல்சி. தமிழில்.

றீற்றா கதவடியில் அகப்பையோடு. சோறு அடிப்பிடித்த மணம். ஒருவரும் போகவில்லை.

குறிப்பு: ஐந்து நாள் பாடுபட்டுச் சொன்ன பொய்க்கு அசையாதவர், உண்மை சொல்லப்போய்ப் பிழையாகிப்போன ஒரு சொல்லுக்கு எழும்பினார். என் தொழிலுக்கே அவமானம். சோபா இப்போது மூன்று காலில். புத்தகத்தைத் திருப்பித் தரமாட்டாராம்.

13.3.86, வியாழன்

ஒன்பதரை. ம. கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, சரிந்த சோபாவில் சரிந்தபடி. எழும்பவில்லை. திங்கள் முதல் வீட்டில் நல்ல கதை, சைபீரியா வரைக்கும் போயிற்று. இன்று திரும்பவும் மூன்று சொல்.

"இஞ்சேருங்கோ, நேரமாகுது." றீற்றா.

"இல்லை."

"ஏன்?"

சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டிலை கதைக்கிறது வேறை. கரும்பலகைக்கு முன்னாலை போய் நிண்டால், பின்னாலை திரும்பிப் படத்தைக் காட்டக் கை போகும். அங்கை ஒண்டும் இராது."

நான் பகிடி தேடினேன். றீற்றாதான் முந்தினாள். என் கோட்டை எடுத்து என் கையில் தந்தாள்.

"சரி. அண்ணை, நீங்கள் போங்கோ. உங்களை எடுப்பினம். வைலேயிலை இருக்கிற தமிழ்ப் பிள்ளையள் எல்லாருக்கும் நீங்களே படிப்பியுங்கோ."

விளங்கிக்கொண்டேன். கோட்டை மாட்டினேன். கண்ணாடியில் பார்த்துத் தலை சீவினேன். "முதல் பாடம் பிற்ஸ்பேர்க் கடற்கரை. இரண்டாம் பாடம்..."

சோபா கிறீச்சிட்டது.

"உவரை விட்டால் பிள்ளையள் நாசம்" என்றபடி ம. வாசலில் நின்றார்.

பள்ளிக்கூடம் வரை கூடப் போனேன். மலையேற்றம். டென்மார்க் முழுவதும் தட்டை, வைலே மாத்திரம் விதிவிலக்கு என்று அவரே விளக்கினார், மூச்சு வாங்க வாங்க. நான் படியில் காத்திருந்தேன். குடாவிலிருந்து வந்த காற்றில் என் காது இரண்டும் உதிர்ந்தன. பொறுக்கிப் பையில் வைத்தேன். (பழக்கதோஷம்.)

நாற்பது நிமிடத்தில் வந்தார்.

"என்ன கேட்டினம்?"

"படிப்பிக்கிறதுக்கு என்ன சாமான் வேணுமெண்டு."

"என்ன சொன்னீர்?"

"சுவரிலை தொங்கவிடுற உலகப் படம் ஒண்டு."

"தமிழ் படிப்பிக்க ஏன் மச்சான் உலகப் படம்?"

என்னைப் பார்த்தார். வகுப்பில் கடைசி வாங்குப் பையனைப் பார்ப்பதுபோல.

"தாங்கள் எங்கை நிக்கிறம் எண்டு பிள்ளையளுக்குத் தெரிய வேண்டாமோ?"

வீடுவரை நான் பேசவில்லை. அருங்காட்சியகத்தார் இந்த வரியைச் சிவப்பில் கோடிடலாம்.

22.3.86, சனி

வெயில்! கூரையிலிருந்து சொட்டுகிறது. நாளை குருத்தோலை ஞாயிறு. இங்கே தென்னோலைக்கு எங்கே போவது, றீற்றா ஏதோ ஒரு பச்சைச் செடியோடு சமாளிக்கிறாள்.

கடிதம் வந்தது. ம.வுக்கு வேலை. பாஸ்காத் திருநாள் முடிந்து தொடக்கம். உலகப் படம் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே உண்டாம், மூலையில் கொஞ்சம் கிழிந்தது. தானே ஒட்டித் தருகிறேன் என்கிறார் ம. றீற்றா கடிதத்தை மேரிமாதா படத்துக்குப் பின்னால் செருகினாள், எடுத்தாள், வாசித்தாள், திரும்பச் செருகினாள். மூன்று தரம்.

டெல்சி வகுப்பில் பிற்ஸ்பேர்க்கைச் சொன்னாள். நடுப்பகல் விளக்கை ஒரு பிள்ளையும் நம்பவில்லையாம். "பறவாயில்லை மாமா, எனக்குத் தெரியும்."

இனி, எழுத மனமில்லாத விஷயம்.

பின்னேரம் ம. நூல்நிலையத்திலிருந்து வந்தார். சப்பாத்தெல்லாம் சேறு. கையில் ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகம், சீனத்து மதில் நகரங்கள், படங்களோடு. பிற்ஸ்பேர்க்கை அவர் பத்தொன்பது வருடம் படிப்பித்தவர். வடசீனத்து மஞ்சள் மண்ணையும் தெரியும். ஆமையைத்தான் தெரியாது. சரிபார்க்கப் போயிருக்கிறார்.

"சூசை, இரும் இதிலை."

சரிந்த சோபாவில் இருந்தேன். ஆமை உண்மை, கண்களான கிணறுகள் உண்மை. அது எனக்குத் தெரிந்ததே. விரல் அடுத்த பந்திக்குப் போனது.

"இதை எங்கை வாசிச்சனீர்? உம்முடைய 'பி'யிலை இல்லையே, பாத்தனான்."

ஆமை ஊரைவிட்டு நடந்து போய்விடாதபடி, கிழக்கு வாசல் ஒன்றை, அதாவது ஒரு காலை, ஊருக்கு வெளியே உள்ள ஒரு கோபுரத்தோடு கயிற்றால் கட்டியிருப்பதாக அவ்வூர்ச் சனங்கள் எத்தனையோ காலமாகச் சொல்லிவருகிறார்களாம்.

நான் மூன்று தரம் வாசித்தேன். ம. சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. "உம்மாலை ஒழுங்கா ஒரு பொய் கூடச் சொல்லத் தெரியாது, மச்சான்."

ஒப்புக்கொள்கிறேன். இரும்புத் தூள் மணல் பொய். தொலைந்த கை பொய். சீனாவுக்கு நடந்தது பொய். சுவாமியின் காது அவ்வளவு மந்தமல்ல. ஆனால் என் சொந்தச் சரக்கு என்று நான் மார்தட்டிய அந்த ஒன்று மாத்திரம், என்னைக் கேளாமலே, அங்கே முன்பே இருந்திருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை, ஆமை போய்விடாதோ என்று கேட்டிருக்கும். பக்கத்தில் ஒரு தாய்மாமன் இருந்திருப்பான். ஜன்னலோரம் ஒரு மச்சான், வாய் திறக்காமல்.

கயிறு உண்மை.